துருப்பிடிக்காத பழுது

காரைக்குடிக்கு வருகிற விருந்தினர் முதலில் வியந்து நிற்பது எங்கள் ஊர் வீடுகளின் முன்னேதான். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் கட்டுகள். பர்மாத் தேக்கிலே கடைந்த தூண்கள். ஆத்தங்குடியில் வார்த்த பூத்தரைகள். தலைமுறை பல கடந்தும் வழவழப்புக் குன்றாத சுண்ணாம்புச் சுவர்கள். முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனாலோ, பழைய பூட்டும் சாவியும், பித்தளைப் படியும், மரப் பெட்டகமும் விலைக்கு வைத்திருக்கும் கடைகளைக் காணலாம். வெளிநாட்டாரும் அங்கே நின்று பேரம் பேசுவர்.

பழையது மேலானது என்ற எண்ணம் எங்கள் ஊர் மக்கள் உள்ளத்தில் ஊறியது. அந்த எண்ணத்தில் பிழையும் இல்லை. பாட்டனார் காலத்துத் தேக்குக் கதவு, நேற்றுச் செய்த கதவைக் காட்டிலும் உறுதியாக நிற்பதை நாள்தோறும் பார்க்கிறோம். உழைக்கும் பொருளை எறிந்துவிட்டுப் புதியதைத் தேடுவது வீண் செலவு என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

எனினும், இந்த நல்ல எண்ணமே தீங்காக முடியும் இடம் ஒன்று உண்டு. கடைகளிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகளில், ஆதரவு நின்றுபோன பழைய இயங்குதளத்தை வைத்துக்கொண்டு வாணிகம் நடத்துவதே அது. அதைப் பற்றி மாணவர்களாகிய உங்களிடம் பேச எனக்கு ஒரு தனிக் கடமையும் இருக்கிறது. அஃது என்ன என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இயங்குதளம் என்பது யாது? எங்கள் பக்கத்து வாணிகத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி பெரும்பாலும் ஊரிலே இருப்பார். அங்கே கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பலர் இருப்பர். பெட்டகத்தை யார் திறக்கலாம், பேரேட்டை யார் தொடலாம், வெளியாள் எதுவரை உள்ளே வரலாம் என்பனவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் மேலாளே. கணினிக்குள்ளே அந்த மேலாளின் இடத்தில் இருப்பது இயங்குதளம். நாம் கடிதம் எழுதும் நிரலும், பட்டியல் போடும் நிரலும், இணையத்தைக் காட்டும் நிரலும் அதனிடம் அனுமதி கேட்டே வேலை செய்கின்றன. விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மேலாளை ஒருவன் ஏமாற்றிவிட்டால் கடை முழுவதும் அவன் கைக்குப் போய்விடும். இயங்குதளத்தை ஏமாற்றிவிட்டாலும் அவ்வாறே.

இனி ஒரு கேள்வி. இயங்குதளம் எப்படிப் பழசாகும்?

எங்கள் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்ததனால் உருவாகி, 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திறக்கப்பெற்றது அது. உலோகம் அரிக்கப்படுவதை, அதாவது துருவை, ஆராய்வது அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்று. இரும்பை உப்புக் காற்றில் வைத்தால் நாளுக்கு நாள் அது குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்று நிறுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நிரலுக்குத் துருப்பிடிப்பதில்லை. 2001ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தை அன்று எப்படி எழுதினார்களோ, அப்படியே இன்றும் ஒரு வட்டில் வைத்திருக்கலாம். ஓர் எழுத்துக்கூடத் தேய்ந்திராது. அதை நிறுவினால் அன்று ஓடியது போலவே ஓடும். அதனாலேதான் கடைக்காரர், "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்கிறார். அவர் கண்ணுக்குப் பழுது தெரியாது. ஏனெனில் பழுது அந்தப் பொருளில் புதிதாக உண்டாவதில்லை. முதல் நாளிலேயே அதில் இருந்த பழுதை வெளியார் மெல்ல மெல்ல அறிந்துகொள்கின்றனர். மாறுவது பிறருடைய அறிவு.

ஒரு பூட்டை நினைத்துப் பாருங்கள். திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன நாடு நம்முடையது. 2019ஆம் ஆண்டில் எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, திண்டுக்கல் பூட்டுக்கும் அது கிடைத்தது. அப்படிப்பட்ட நல்ல பூட்டு ஒன்று உங்கள் வீட்டில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அச்சில் செய்த பூட்டுகள் உலகெங்கும் பல கோடி வீடுகளில் தொங்குகின்றன. எங்கோ ஓர் ஊரில் ஒருவன், ஒரு வளைந்த கம்பியால் அதனைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறான். அந்த நொடியில் உங்கள் பூட்டுக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. இரும்பு அதே இரும்புதான். சாவியும் அதே சாவிதான். ஆனால் காவல் போய்விட்டது.

இயங்குதளத்தை எழுதியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் பிழையே இல்லாமல் எழுதுவது மனிதரால் ஆகாத செயல். ஆகையால் பிழை தெரிய வரும்போதெல்லாம் திருத்தம் ஒன்றை எழுதி அனுப்புகின்றனர். பேட்ச் என்று இதனைச் சொல்வது வழக்கம். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது போன்றது. இவ்வாறு ஒட்டு அனுப்பிக்கொண்டிருக்கும் காலத்தையே ஆதரவுக் காலம் என்கிறோம். அதற்கு முடிவு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளும், விண்டோஸ் 7க்கு 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளும் அந்த முடிவு வந்தது. தனியே பதிவு செய்துகொள்வோருக்கும் பணம் கட்டுவோருக்கும் சிறிது காலம் நீட்டிப்புத் தருவது உண்டு. அதுவும் தவணைதான், நிரந்தரமன்று.

ஆதரவு முடிந்த பிறகு நிகழும் ஒரு வேடிக்கையை நீங்கள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். புதிய இயங்குதளத்தை யாரும் முழுக்கப் புதிதாக எழுதுவதில்லை. பழையதன் பல பகுதிகள் அப்படியே புதியதிலும் தொடர்கின்றன. ஆகவே புதியதில் காணப்படும் பிழை, பழையதிலும் இருப்பது உண்டு. புதியதற்குத் திருத்தம் வெளிவருகிறது. அந்தத் திருத்தத்தை நல்லவர் பெறுவது போலவே கள்வரும் பெறுகின்றனர். திருத்தத்துக்கு முன்னிருந்த நிரலையும் பின்வந்த நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் மாற்றப்பட்டது என்று தெரிந்துவிடும். அதே இடம் பழையதில் திறந்தே கிடக்கிறது அல்லவா? புதிய வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட தாழ்ப்பாள், பழைய வீட்டுக்காரரின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டிக் காட்டிவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் இது நிகழ்கிறது. பழைய இயங்குதளத்தை வைத்திருப்பவர் சும்மா இருந்தாலும் அவருடைய ஆபத்து வளர்ந்துகொண்டே போவதன் காரணம் இதுதான்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று என்பதை 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழியில் ஒரு பிழை இருந்தது. அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14ஆம் நாள், அந்தப் பிழையைப் பயன்படுத்தும் கருவி ஒன்றை ஒரு மறைவுக் கூட்டத்தார் இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிட்டனர். மே 12ஆம் நாள் 'வன்னாக்ரை' என்னும் தீநிரல் கிளம்பிற்று. திருத்தம் வந்ததற்கும் தீநிரல் வந்ததற்கும் இடையே 59 நாட்கள்.

இது புழு வகையைச் சேர்ந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் நுழைந்தால், அதனோடு இணைந்த மற்றக் கணினிகளைத் தானே தேடிச் சென்று, ஓட்டை அடைபடாதவற்றில் புகுந்துவிடும். புகுந்ததும் அங்குள்ள கோப்புகளையெல்லாம் எவரும் படிக்க முடியாத மறையெழுத்தாக மாற்றிவிட்டு, 300 டாலர் கொடு என்று திரையில் எழுதிக் காட்டும். நாள் கடந்தால் 600 டாலர். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் இதற்கு ஆளாயின. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகளின் பணி குலைந்தது. அறுவை மருத்துவத்துக்கு நாள் குறித்திருந்த நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் கணினிகள், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணினிகள், மேற்கு வங்க மின்பகிர்மான அலுவலகங்களின் கணினிகள் பாதிக்கப்பட்டன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையின் உற்பத்தியும் தடைப்பட்டது.

அந்தப் புழுவை எழுதியவர்கள் அதற்குள் ஒரு நீண்ட இணைய முகவரியை வைத்திருந்தனர். அந்த முகவரி உலகில் இல்லையென்றால் பரவு, இருந்தால் நில் என்பது கட்டளை. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது ஆங்கில இளைஞர் சில டாலர் செலவில் அந்த முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார். புழுவின் வேகம் அடங்கிற்று. கல்லூரி மாணவர் வயதுடைய ஒருவரின் கூர்மை உலகுக்கு உதவியது. ஆனால் அஃது ஒரு நற்பேறே ஒழியக் காவல் ஆகாது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஓர் உண்மையைத் திரிபின்றிச் சொல்ல வேண்டும். அன்று சிக்கிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது; திருத்தமும் வந்திருந்தது. வைத்திருந்தவர்கள் அதனைப் போட்டுக்கொள்ளவில்லை. எனவே ஆபத்துக்கு உள்ளாவோர் இருவகையினர். மருந்து கையில் இருந்தும் உண்ணாதவர் ஒரு வகை. அவர் நாளைக்காவது உண்டு பிழைக்கலாம். மருந்தே செய்யப்படாத நோயுடன் வாழ்பவர் மற்றொரு வகை. ஆதரவு நின்ற இயங்குதளத்தை வைத்திருப்பவர் இந்த இரண்டாம் வகையினர். 2017இல் நிலைமை முற்றியதைக் கண்டு, எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவசரமாக வெளியிட்டது. அவ்வாறு ஒவ்வொரு முறையும் செய்வார்கள் என்று நம்பி வாணிகம் நடத்த முடியுமா?

இப்பொழுது என் கடமையைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு நன்கு பழக்கமான மொத்த வியாபாரக் கடை ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே கிடங்கில் ஒரு பழைய கணினி. அதில் விண்டோஸ் எக்ஸ்பி. சரக்கு வந்ததும் போனதும், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதும் அதில்தான் இருந்தன. அந்தக் கணக்கு நிரலை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். புதிய இயங்குதளத்தில் அது ஓடாது. அந்தக் கணினிக்கு இணையத் தொடர்பு கிடையாது. ஆகவே பல ஆண்டுகள் தீங்கின்றி இருந்தது. 2017ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வந்தது. வரிக் கணக்கை இணையத்தின் வழியே செலுத்த வேண்டும். அதற்காக முன்கட்டில் மற்றொரு கணினி வைத்தார்கள். அதில் விண்டோஸ் 7. கிடங்குக் கணினியிலிருந்து பட்டியல்களை ஒவ்வொரு முறையும் எடுத்து வருவது தொல்லையாக இருந்தது.

கணினி கற்பிக்கிறவன் என்பதால் கடைக்காரர் என்னை அழைத்தார். நான் இரண்டு கணினிகளுக்கும் இடையே ஒரு கம்பியை இணைத்துக் கொடுத்தேன். அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. "வேலை பாதியாகக் குறைந்தது, தம்பி" என்று அவர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். இயங்குதளத்தை மாற்றிவிடுவது நல்லது என்று நானும் சொன்னேன். "ஓடுகிற வண்டியை நிறுத்தி எதற்குத் தம்பி அச்சாணியைக் கழற்ற வேண்டும்?" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மேலும் வற்புறுத்தவில்லை.

2021ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். முதல் நாள் மாலை, விலைப்பட்டியல் என்ற பெயரில் வந்த ஓர் அஞ்சலை ஊழியர் ஒருவர் திறந்திருக்கிறார். திறந்தது சிறு பிழை, யாரும் செய்யக்கூடியது. ஆனால் விண்டோஸ் 7க்கு ஆதரவு நின்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே வந்த தீநிரலைத் தடுக்க அங்கு ஒன்றும் இல்லை. முன்கட்டுக் கணினியைக் கைப்பற்றிக்கொண்டு, நான் இணைத்த கம்பி வழியே கிடங்குக் கணினிக்கும் அது போய்விட்டது. காப்பு நகல் எடுத்து வைத்திருந்த வட்டையும் அந்தக் கணினியிலேயே எப்பொழுதும் செருகி வைத்திருந்தார்கள். அதுவும் போயிற்று. முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த எங்கள் நீண்ட வீடு போல ஆயிற்று அந்தக் கடை. அந்தப் பின்வாசலைத் திறந்தவன் நான்.

பணம் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை; கொடுப்பவர் மீண்டும் குறி வைக்கப்படுவதும் உண்டு. காவல் துறையில் புகார் எழுதிக் கொடுத்தோம். கடையைக் காப்பாற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அறுபது வயது கடந்த கணக்கப்பிள்ளை ஒருவர். கணினி வந்த பிறகும் கைப்பழக்கத்தை விடாமல், பற்று வரவை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வந்தார். மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள். "முதலாளி, எழுதினது எழுதினதுதான். மின்சாரம் போனாலும் இருக்கும்" என்பாராம். அந்த நோட்டுகளைக் கொண்டு இரண்டு மாதம் இரவும் பகலும் உட்கார்ந்து கணக்கை மீண்டும் கட்டினார்கள். கடன் வாங்கியவருள் பெரும்பாலோர் தாம் தர வேண்டியதைத் தாமே வந்து சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. நோட்டில் ஏறாத சில்லறைக் கடன்கள் போனவை போனவையே.

இதனால்தான் இந்தப் பொருளைப் பேசும் கடமை எனக்கு உண்டென்றேன். தெரிந்தவன் ஒருமுறை சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டால், தெரியாதவன் செய்த பிழையில் அவனுக்கும் பங்கு உண்டு.

கடைக்காரர்களைக் குறை சொல்லிவிடுவது எளிது. அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பழைய நிரல் புதியதில் ஓடாது. அச்சுப்பொறியும் எடைப்பொறியும் ஒத்துழைக்காமல் போகலாம். ஆலைகளில் இருபது ஆண்டு உழைக்கும் இயந்திரத்தை ஒரு பழைய கணினிதான் இயக்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11 ஏறுவதற்கு ஒரு குறிப்பிட்ட காப்புச் சில்லும் புதிய செயலியும் வேண்டும். நன்றாக ஓடும் பல கணினிகளில் அவை இல்லை. இத்தனை செலவும் செய்தால் கண்ணுக்குத் தெரியும் இலாபம் யாது? ஒன்றும் நிகழாமல் இருப்பதே இலாபம். நிகழாத ஒன்றைக் கணக்கில் வரவு வைப்பது எப்படி?

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தயக்கம் உண்டு. எக்ஸ்பியின் ஆதரவு 2014இல் நின்றது. நாம் பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரங்களுள் பல அதற்குப் பின்னும் அந்த இயங்குதளத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2017இல் இந்திய ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வேலை மெல்ல நடப்பதைக் கண்டு, 2018ஆம் ஆண்டு சூன் 21ஆம் நாள் தவணை குறித்து ஆணையிட்டது. செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் அரைப் பங்கு, 2019 மார்ச்சுக்குள் முக்கால் பங்கு, சூனுக்குள் முழுவதும் மாற்றப்பட வேண்டும் என்பது அந்த ஆணை. பணப் பெட்டியையே காக்கும் வங்கிகளுக்குக்கூட ஒருவர் நாள் குறித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியிருக்க, நாள் குறித்துச் சொல்ல ஆளில்லாத சிறு கடைக்கு யார் சொல்வது?

நீங்கள் சொல்லலாம். உங்கள் தந்தையார் கடையிலோ, சிறிய தந்தையார் அச்சகத்திலோ, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு கணினி இருக்கும். அதன் முன் அமர்ந்து, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, ஆதரவு என்று முடிகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். மருந்துப் புட்டியில் காலாவதி நாள் பார்ப்பது போல இதைப் பார்க்கப் பழக வேண்டும். ஆதரவு உள்ளதாயின், திருத்தங்கள் தாமே வந்து சேரும்படி அமைத்துவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே போகாதீர்கள்.

ஆதரவு நின்றதாயின், மாற்றுவதே முதல் வழி. புதிய கணினி வாங்கப் பொருள் இல்லையென்றால் லினக்ஸ் உண்டு. அதை விலையின்றிப் பெறலாம். விண்டோஸின் புதிய பதிப்பு ஏறாத கணினிகளிலும் பெரும்பாலும் அது ஓடும். சீ-டாக் என்னும் மைய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் லினக்ஸைச் சேர்ந்ததே. ஆனால் லினக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு என்பதை மறக்கலாகாது. அங்கும் புதுப்பித்தல் வேண்டும்.

இயந்திரத்தோடு பிணைந்த கணினியை எவ்வகையிலும் மாற்ற முடியவில்லை என்றால், அதைத் தனிமைப்படுத்துங்கள். இணையத் தொடர்பு வேண்டாம். இணையத்தில் உள்ள வேறு கணினியோடும் கம்பி வேண்டாம். கண்ட நினைவுக் குச்சிகளைச் செருகவும் வேண்டாம். தொற்று நோய்க் காலத்தில் முதியவரைத் தனி அறையில் வைத்துக் காப்பது போன்றது இது. தொல்லைதான். அந்தத் தொல்லையைப் பொறுக்காமல் நான் ஒரு கம்பியை இணைத்தேன், விளைவைச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காப்பு நகல். கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைத்த நகலே நகல். செருகியபடி இருப்பது நகல் ஆகாது. மாதம் ஒருமுறையேனும் அந்த நகலைத் திறந்து, உண்மையில் படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீங்கு நேர்ந்துவிட்டால் முதலில் கம்பியைக் கழற்றுங்கள், மறைக்காமல் சொல்லுங்கள். இணையக் குற்றங்களுக்கென 1930 என்னும் தொலைபேசி எண் நாடெங்கும் இருக்கிறது. நிறுவனங்கள் இத்தகைய நிகழ்ச்சிகளைச் சர்ட்-இன் என்னும் மைய அரசு அமைப்புக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் விதித்திருக்கிறார்கள். ஒருவர் சொன்னால் பலர் தப்புவர்.

இவையெல்லாம் எங்கள் ஊருக்குப் புதியவை அல்ல. கடல் கடந்து கடை வைத்த பெரியவர்கள் தம் கணக்கை அந்தக் கடையோடு விட்டுவிடவில்லை. இரங்கூனில் இருந்த மேலாள் கணக்குக் குறிப்புகளை ஊரில் இருந்த முதலாளிக்கு ஒழுங்காக அனுப்பி வந்தார். அங்கே தீப்பிடித்தாலும், ஏடு போனாலும், இங்கே ஒரு வழி இருந்தது. மேலாளையும் அவர்கள் என்றென்றைக்கும் ஒருவரையே வைத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுத் தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவார்; வேறொருவர் கப்பல் ஏறுவார். பழையவர் கெட்டவர் என்பதனால் அன்று. தவணை முடிந்தது, அவ்வளவுதான்.

பழைய தேக்குக் கதவைப் போற்றுவோம். அதைச் செய்த தச்சர் இன்று இல்லாவிடினும் செப்பனிட வேறு தச்சர் வருவார். விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் உள்ளமைப்போ, அதை எழுதிய நிறுவனத்தாரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் கை கழுவிவிட்டால் செப்பனிட வேறு கை இல்லை. இந்த வேறுபாட்டை அறிந்தவர் பழமையை இகழவும் மாட்டார். அதனால் ஏமாறவும் மாட்டார்.

அந்தக் கடையில் இப்பொழுது புதிய இயங்குதளம் இருக்கிறது. திருத்தம் வரும் நாளில் கடைக்காரரே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஒட்டுப் போட்டாச்சு, தம்பி" என்று சொல்கிறார். கணக்கப்பிள்ளை இன்னும் நோட்டு எழுதுகிறார். இப்பொழுது யாரும் கேலி செய்வதில்லை.